மலைக் கிராமத்தில் கூடார முகாம்: ஊராட்சிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனி ஞாயிறோடு ஓர் அரசு விடுமுறை ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், வெள்ளிக்கிழமை ராத்திரியே மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டிவிடுகின்றன. முன்பெல்லாம் கொடைக்கானலிலோ ஊட்டியிலோ லாட்ஜில் தங்கிவிட்டுப் போனார்கள். இப்போது இன்ஸ்டாகிராமில் பார்த்த கூடாரத்தைத் தேடி மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் என்று மேல்மலைக்குள்ளேயே போகிறார்கள். கொல்லிமலை, ஏலகிரி, சவ்வாது மலை எல்லா இடத்திலும் இதே கதை. அந்தக் கூடாரத்துக்கு வெளியே தெரியும் பனிமூட்டத்தைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் போன மறுநாள் குடிநீர்த் தொட்டியைத் திறக்கப் போகிற டேங்க் ஆபரேட்டரின் கஷ்டத்தைக் கேட்க ஆளில்லை.

நானும் சில வருடம் ஒரு மலை ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். தலைவர்களும் செயலர்களும் வார்டு உறுப்பினர்களும் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்திருக்கிறேன்.

கூடாரம் தற்காலிகமானதுதானே? காலையில் பிரித்து மடித்துவிடுவார்கள். அதற்கு எதற்கு அனுமதி?

முகாம் நடத்துகிற எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். கூடாரத்தைக் கழற்றி மாட்டலாம், உண்மை. அதன் கீழே போட்ட சிமென்ட் தளம், பக்கத்தில் கட்டிய கழிப்பறை, செப்டிக் டேங்க், ஜே.சி.பி. வைத்து வெட்டிய பாதை, இவற்றை யார் மடித்து எடுத்துப் போவது? கட்டடம் எழும்புகிற இடத்தில் கட்டட அனுமதி வேண்டும். ஹாக்கா என்று எல்லோரும் சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருந்தால், அந்த வழியிலும் போய்த்தான் ஆக வேண்டும். மலைச்சரிவை வெட்டுவது தனி விஷயம். அதற்கு ஊராட்சி வாய்மொழியாக "சரி" சொல்லவே கூடாது.

ஒரு குடும்பம் தன் தோட்டத்தில் சொந்தக்காரர்களுக்காக ஒரு கூடாரம் போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. காசு வாங்கிக்கொண்டு வாராவாரம் 50 பேரைத் தங்கவைத்தால் அது தொழில். இந்த இரண்டுக்கும் நடுவில் கோட்டை எங்கே கிழிப்பது என்பதை ஊராட்சி முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பிரச்சினை வந்தபின் கிழிக்கிற கோடு எப்போதும் யாரோ ஒருவருக்கு எதிராகக் கிழித்தது போலத்தான் தெரியும்.

எந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது? எங்களிடம் என்ன இருக்கிறது?

உங்கள் கையில் இருப்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு, ஆனால் பயன்படுத்துவதைவிட அதிகம். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் குடிநீர், வடிகால், சுகாதாரம், தெருவிளக்கு எல்லாம் ஊராட்சியின் கடமை. கட்டட அனுமதி, வீட்டு வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம், குடிநீர்க் கட்டணம் ஆகியவை விதிகளுக்கு உட்பட்டு ஊராட்சி வழியாகத்தான் போகின்றன. குடிநீர் இணைப்பைக் கொடுப்பதும் மறுப்பதும் நீங்கள். இதைவிடப் பெரிய பிடி வேறு கிடையாது.

மற்றதெல்லாம் பிறர் கையில். புறம்போக்கு நிலம் வருவாய்த் துறைக்கு, காப்புக்காடு வனத்துறைக்கு. முகாம் நடத்துவோரும் சாகசச் சுற்றுலா நடத்துவோரும் பதிவு செய்ய வேண்டும் என்று சுற்றுலாத் துறை 2023-இல் கொண்டுவந்தது. சமையல் செய்து பரிமாறினால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தகவல் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவருடைய பட்டா நிலத்தில் போட்ட கூடாரத்தைப் பிரிக்க முடியாது. அப்படியானால் தீர்மானம் எதற்கு என்று கேட்பீர்கள். ஆட்சியரிடமும் நீதிமன்றத்திலும் ஊர் என்ன நினைக்கிறது என்பதற்கு எழுத்தில் உள்ள ஆதாரம் அதுதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் 6 நாள் சபை கூடுகிறது. சீசனுக்கு முன்னால் வருவது மார்ச் 22. அதைத் தவறவிட்டுவிட்டு மே மாதம் புலம்புகிற ஊராட்சிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்த இடத்தில் அனுமதிப்பது என்று எப்படி முடிவு செய்வது?

எங்கே கூடாது என்பதில் இருந்து தொடங்குங்கள். மீதி இருக்கிற இடத்தில் எங்கே ஆகும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

வி.ஏ.ஓ.விடம் எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தை வாங்கிக்கொண்டு ஒரு நாள் நடந்து போங்கள். கூட வரவேண்டியவர்கள் மூன்று பேர்: டேங்க் ஆபரேட்டர், வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர், ஆடு மாடு மேய்த்த ஒரு பெரியவர். இன்ஜினியர் அடுத்த தடவை வரட்டும். ஊற்று எங்கே, மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஓடை எங்கே என்று டேங்க் ஆபரேட்டர் காட்டுவார். காட்டுமாடு எந்த வழியாக இறங்குகிறது, யானை எந்த மாதத்தில் தோட்டத்துக்கு வருகிறது என்று காவலருக்குத் தெரியும். எந்தச் சரிவு எந்த வருடத்தில் இடிந்தது என்பது பெரியவருக்கு நினைவிருக்கும். அது எந்த ரெக்கார்டிலும் இருக்காது.

வரைபடத்தில் சிவப்பு மையால் அடிக்க வேண்டியவை: குடிநீர் ஊற்றுக்கு மேல்புறம் முழுவதும், ஓடைக் கரை, விலங்குகளின் தடம், இடிந்த, இடியக்கூடிய சரிவு, காப்புக்காட்டு எல்லையை ஒட்டிய நிலம், பளியர் போன்ற பழங்குடிக் குடியிருப்புகளின் பக்கம். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. "ட்ரைபல் வில்லேஜ் விசிட்" என்று முகாம்காரர்கள் விளம்பரத்தில் போட்டுவிடுகிறார்கள். அங்கே குடியிருப்பவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

விலங்குத் தடத்தை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி ஊராட்சிப் பகுதியில், காட்டை ஒட்டிய ஒரு தனியார் முகாமில், கூடாரத்துக்கு வெளியே வந்த இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. அந்த முகாமுக்கு உரிய உரிமம் இல்லை என்பது சாவுக்குப் பிறகுதான் பேச்சாயிற்று. பிறகு மாவட்ட நிர்வாகமும் ஊராட்சியும் மற்ற கூடாரங்களையும் மூடவைத்தன. அதற்கு முந்தின வாரம் வரை அந்தக் கூடாரங்கள் யார் கண்ணிலும் படாமலா இருந்திருக்கும்?

எத்தனை கூடாரத்துக்கு அனுமதி கொடுக்கலாம்?

இந்தக் கேள்விக்கு "இடம் எவ்வளவு இருக்கிறது" என்று பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். தண்ணீரையும் கழிப்பறையையும் எண்ணுங்கள்.

கணக்கு இப்படி. ஒரு முகாமில் 20 கூடாரம், கூடாரத்துக்கு 3 பேர் என்றால் 60 பேர். கிராமங்களுக்கு அரசு வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அப்படியானால் ஒரு ராத்திரிக்கு 3,300 லிட்டர். இதே மாதிரி 5 முகாம்கள் உங்கள் ஊரில் இருந்தால் 16,500 லிட்டர். உங்கள் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் கொள்ளளவு என்றால், பாதிக்கு மேல் விருந்தாளிகளுக்கே போய்விட்டது. அதுவும் மே மாதத்தில், ஊற்று சுருங்கி நூலாக இறங்குகிற நேரத்தில்.

எனவே மே மாதத்துத் தண்ணீரை அளந்து, ஊர்த் தேவையைக் கழித்து, மீதியை 55-ஆல் வகுங்கள். வருகிற எண்தான் உங்கள் ஊர் ஓர் இரவில் தாங்கக்கூடிய விருந்தினர் எண்ணிக்கை. அது பூஜ்யமாக வந்தால் பூஜ்யம்தான். முகாம்காரர் கீழே இருந்து தண்ணீர் லாரி கொண்டுவருவேன் என்றால், எங்கிருந்து எடுக்கிறார் என்று பார்க்காமல் தலையாட்ட வேண்டாம்.

எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைப்பது சுற்றுலாவைக் கெடுத்துவிடும் என்பவர்களுக்கு: நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால். அடுத்த வருடக் கோடையில் நீதிமன்றமே வண்டிக் கணக்கை நிர்ணயித்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் அமைப்புகள் தாங்களாக ஓர் எண்ணைச் சொல்லாதபோது, மதுரையிலோ சென்னையிலோ உட்கார்ந்து யாராவது ஓர் எண்ணைச் சொல்ல வேண்டியதாகிறது. அந்த எண்ணுக்கு உங்கள் ஊர் ஊற்று தெரியாது.

கழிப்பறைக்கு என்ன விதி வைக்கலாம்?

15 பேருக்கு ஒன்று. 60 பேர் என்றால் 4. அதில் பாதியாவது பெண்களுக்கு. ஊற்று, ஓடை, கிணற்றில் இருந்து 30 மீட்டராவது தள்ளி, நீரோட்டத்துக்குக் கீழ்ப்புறமாக இருக்க வேண்டும். ராத்திரி வெளிச்சம் வேண்டும். கூடாரத்தில் இருந்து ரொம்பத் தூரமாக இருந்தால் யாரும் போக மாட்டார்கள். பனியிலும் பயத்திலும் பக்கத்துப் புதருக்குத்தான் போவார்கள்.

"செப்டிக் டேங்க் இருக்கிறது" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். நிரம்பினால் எந்த லாரி வந்து எடுக்கும், எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்று கேளுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற கழிவுநீர் லாரிகள் குறைவு. ஏறுகிற லாரியும் சுத்திகரிப்பு நிலையம் வரை இறங்காமல் வழியில் பள்ளத்தைப் பார்த்துத் திறந்துவிடுவது உண்டு. கழிவு இறங்கிய இடத்தின் ரசீதை ஒவ்வொரு முறையும் முகாம்காரர் ஊராட்சியில் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். மனிதரை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதைத் தனி வரியாக நிபந்தனையில் எழுதிவிடுங்கள். முகாம் ஒதுக்குப்புறமாக இருப்பதால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் வேலை பார்த்த ஊரில் ஒரு பொங்கல் விடுமுறைக்கு அடுத்த நாள். எங்கள் டேங்க் ஆபரேட்டர் அண்ணன் காலையிலேயே வந்து, "சார், கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். ஊற்றில் இருந்து தண்ணீர் எடுக்கும் தொட்டியின் வாயில் ஒரு கம்பிவலை போட்டிருந்தோம். அதில் வேகவைத்த சோறு, நூடுல்ஸ் உறை, வெள்ளையாகத் துணி மாதிரி ஏதோ ஒன்று. குச்சியால் இழுத்துப் பார்த்தால் குழந்தைக்குத் துடைக்கிற ஈரத் தாள், ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு ஒரு முழ நீளம் வந்தது. மேலே இரண்டு வளைவு தள்ளி ஒரு முகாம். அன்றைக்கு 140 வீட்டுக்குத் தண்ணீர் விடவில்லை. முகாமுக்குப் போய்க் கேட்டபோது அவர்கள் எங்களுக்கு டீ கொடுத்து உபசரித்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஊற்று கீழே இருக்கிறது என்று அவர்களிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை, நாங்களும் உட்பட.

கேம்ப் ஃபயர் இல்லாமல் யாரும் வரமாட்டார்கள் என்கிறார்களே?

வருவார்கள். ஆனாலும் முழுத் தடை ஊரில் நிற்காது என்பதால் காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். புல் காய்ந்திருக்கும் பிப்ரவரி நடுவில் இருந்து கோடை மழை இறங்கும் வரை திறந்த நெருப்பே கூடாது. வனத்துறையே பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றத்தை நிறுத்திவைக்கிறது. அதே தேதிகளை நீங்களும் எடுத்துக்கொண்டால் விளக்கம் சொல்வது சுலபம். மற்ற மாதங்களில், கல் கட்டிய குழி, பக்கத்தில் தண்ணீர் அல்லது மண் வாளி, காற்றடித்தால் கிடையாது, இரவு 10 மணிக்கு அணைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவது. விறகு எங்கே வாங்கினார்கள் என்பதற்கும் கணக்கு வேண்டும். சோலையில் பொறுக்கியதாக இருக்கக் கூடாது.

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நடந்ததை மலையில் இருப்பவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. கொழுக்குமலைப் பக்கம் மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வனப்பகுதி மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகள் அதே வருடம்தான் வந்தன.

நெருப்பால் சாவு இன்னொரு வழியிலும் வருகிறது, இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் ஒரு தங்குமிடத்தில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை. கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. குளிருக்காக நான்கு பக்கமும் ஜிப் போட்டு மூடிய கூடாரம் அந்த அறையைவிட மோசம். "கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்" என்று தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒவ்வொரு கூடாரத்திலும் தொங்கவிடுவதை நிபந்தனையாக்குங்கள். செலவு சில நூறு ரூபாய்.

குப்பையையும் பாட்டிலையும் என்ன செய்வது?

கொண்டுவந்தவர் கொண்டுபோக வேண்டும் என்பது ஒன்றுதான் மலையில் வேலைக்காகும் விதி. உங்கள் தூய்மைக் காவலர்கள் ஊர்க் குப்பைக்குத்தான் கணக்குப் பண்ணிப் போடப்பட்டவர்கள்; முகாம் குப்பையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். கட்டினால் அதற்கான கூலியை முகாம்காரரிடம் வாங்கிக் கொடுங்கள்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கில் 14 வகையை 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை செய்தாயிற்று. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி போட்டிருக்கிறார்கள். என் கணிப்பில் இவை எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது டாஸ்மாக் பாட்டில் திட்டம்தான். 2022-இல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைக் கொடுத்தார்கள். குடித்தவன் போட்டுவிட்டுப் போனாலும் பொறுக்குகிறவன் விடுவானா? முகாமுக்கும் இதே தந்திரம் செல்லும். பதிவின்போது குழுவுக்கு 500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது குப்பைப் பையைக் காட்டினால் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மிச்சச் சாப்பாட்டைப் பள்ளத்தில் கொட்டுவதுதான் காட்டுப்பன்றிக்கும் காட்டுமாட்டுக்கும் கூடாரத்துக்கு வழி சொல்லிக் கொடுக்கிறது. மூடிபோட்ட டிரம்மில் வைத்துக் காலையில் மாட்டுத் தீவனத்துக்கோ உரக்குழிக்கோ அனுப்ப வேண்டும்.

பாட்டு, சத்தம்?

ஒலி மாசு விதிகள் 2000-இல் இருந்தே இருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. புகார் கொடுக்க வேண்டிய எண்ணை ஊரில் எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள்.

வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். சவ்வாது மலையில் காவலூரில் பெரிய தொலைநோக்கியைக் கொண்டுபோய் வைத்தது அங்கே இருட்டு நன்றாக இருந்ததால்தான். நட்சத்திரம் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்துவிட்டு, மரத்துக்கு மரம் சீரியல் செட் மாட்டுகிற முகாம்காரர்களை என்ன சொல்ல. கழிப்பறைக்கும் பாதைக்கும் கீழ்நோக்கிய விளக்கு போதும்.

ஊராட்சிக்கு இதில் வருமானம் உண்டா? ஊர் எல்லையில் செக்போஸ்ட் போட்டு ஆளுக்கு 50 ரூபாய் வாங்கலாமா?

போடாதீர்கள். சட்டத்தில் இடமில்லாத நுழைவுக் கட்டணத்தை வசூலித்தால், ஒரு வழக்கு போதும், வாங்கியது அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். ரசீது இல்லாமல் வசூலிக்கிற ஊர் இளைஞர்களைப் பற்றி நான் எழுதவே வேண்டாம்.

சட்டப்படியான வழிகள்: கட்டடங்களுக்கு வணிகப் பயன்பாட்டின்படி வரி, நடத்துபவர்களுக்குத் தொழில் வரி, விதிகளில் இடமிருக்கும் உரிமக் கட்டணம், வணிக இணைப்புக்கான குடிநீர்க் கட்டணம். ஊராட்சிக்கே சொந்தமான இடம் இருந்தால் வண்டி நிறுத்தத்தை முறைப்படி ஏலம் விடலாம். மேய்க்கால் புறம்போக்கையோ நீர்நிலைப் புறம்போக்கையோ "சும்மாதானே கிடக்கிறது" என்று தொடாதீர்கள்.

வருகிற காசைத் தனியாகக் காட்டுங்கள். முகாம்களால் இந்த வருடம் இவ்வளவு வந்தது, குப்பைக்கும் தண்ணீருக்கும் இவ்வளவு போனது என்று கிராம சபையில் இரண்டு வரி வாசித்தால், ஊரில் பாதிச் சண்டை குறையும். செலவு அதிகம் என்று தெரிந்தால் அதுவும் நல்லதுதான். அப்போதுதான் கட்டணத்தை உயர்த்தக் கேட்க முடியும்.

ஊர்க்காரர்களுக்கு என்ன லாபம்?

அனுமதி நிபந்தனையில் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் பால் பாக்கெட்கூடக் கீழே இருந்துதான் வரும். சமையலுக்கு மகளிர் சுயஉதவிக் குழு, வழிகாட்டியாக உள்ளூர் ஆள், பூம்பாறைப் பூண்டு, கேரட், மலைவாழை வாங்குவது உள்ளூரில். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் ஒருவருக்கு மட்டும் பணம் வந்து, தண்ணீர்க் கஷ்டம் எல்லோருக்கும் வந்தால், முகாம் இரண்டு சீசன் தாண்டாது.

வேனிலேயே வந்து சாலையோரம் படுத்துக்கொள்கிறவர்களை என்ன செய்வது? வேறு நாடுகளில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

இந்தக் கேள்வி இங்கே புதிது. நியூசிலாந்தில் ரொம்பப் பழசு. அங்கே 2011-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அந்த வருடம் அங்கே ரக்பி உலகக் கோப்பை. வேன் வேனாக ஆள் வரப்போகிற பயம். சட்டத்தின் அமைப்பு சுவாரசியமானது. பொது இடத்தில் முகாம் போடலாம் என்பதுதான் அடிப்படை. உள்ளூர் மன்றம் எந்த இடத்தில் கூடாது என்று துணைவிதி போடலாம். ஆனால் தன் எல்லை முழுவதையும் மூடிவிட முடியாது. ஒவ்வொரு தடைக்கும் காரணம் காட்ட வேண்டும்: அந்த இடத்தைக் காக்க, வருகிறவர்களின் உடல்நலம், பாதுகாப்புக்காக, அல்லது பிறர் அங்கே போய்வர வழி இருப்பதற்காக. குவீன்ஸ்டவுன் பகுதி மன்றம் 2021-இல் போட்ட துணைவிதியை 2024-இல் உயர் நீதிமன்றம் ரத்தே செய்துவிட்டது. சட்டத்தில் இல்லாத காரணங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டது அதற்கு ஒரு காரணம். 2023-இல் இன்னொரு திருத்தம்: மன்றத்து நிலத்தில் வண்டியில் தங்க வேண்டுமானால், மன்றம் வேறு மாதிரி அனுமதித்த இடம் தவிர, வண்டிக்குள்ளேயே பொருத்திய கழிப்பறை இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேயும் கழிப்பறையில்தான் வந்து நின்றிருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தில் திறந்தவெளியில் கூடாரம் போட 2003-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுக்கிறது. அப்படி இருந்தும் லாக் லோமண்ட் ஏரிக்கரை தாங்காமல் போகவே, 2017-இல் இருந்து குறிப்பிட்ட கரைகளில் மட்டும், மார்ச் முதல் செப்டம்பர் வரை மட்டும், அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வைத்தார்கள். இடத்தையும் மாதத்தையும் சுருக்கியதால் மற்ற உரிமை அப்படியே நிற்கிறது. நாம் அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்க யோசனை இது. வேன்காரர்களுக்கும் ஓர் இடத்தைக் காட்டிவிட்டு மற்ற இடத்தில் தடுங்கள். இடமே காட்டாமல் தடுத்தால் அவர்கள் இன்னும் உள்ளே, இன்னும் ஆபத்தான வளைவில் போய் நிறுத்துவார்கள்.

காப்புக்காட்டுக்குள் கூடாரம் போட ஊராட்சி கடிதம் கொடுக்கலாமா?

கூடாது. அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை. காட்டு நடை கேட்டு வருகிறவர்களை வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 40 மலையேற்றப் பாதைகளின் இணைய முன்பதிவுக்கு அனுப்பிவிடுங்கள்.

மழைக்காலத்தில் மூடியே ஆக வேண்டுமா?

வடகிழக்குப் பருவமழையில் மஞ்சள் எச்சரிக்கை வந்தால் புதிய முன்பதிவு கிடையாது. ஆரஞ்சு வந்தால் இருப்பவர்களைக் கட்டடத்துக்குள் மாற்றுவது. சிவப்பு வந்தால் முகாமே காலி. இதை யார் யாருக்குச் சொல்வது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கவைப்பது என்பதை முன்பே தீர்மானித்து வைத்திருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்து கொடைக்கானல் மலை வரை வந்து மரங்களைச் சாய்த்தது. மேலே சொன்ன அதே மேப்பாடி ஊராட்சியில்தான் 2024 ஜூலை 30 விடியற்காலையில் முண்டக்கை, சூரல்மலை மண்ணோடு போயின. கற்சுவர் வீடுகளே நிற்காத இடத்தில் நைலான் துணியைப் பற்றி என்ன பேசுவது.

மழை விட்டதும் புல்லில் ஒட்டுண்ணி அதிகம். ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் அதில் ஒரு வகைப் பூச்சி கடித்துத்தான் வருகிறது. ஊர் திரும்பி ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் மலையில் தங்கியதை டாக்டரிடம் சொல்லச் சொல்லி முகாமில் எழுதி வைக்கலாம்.

அனுமதி இல்லாமல் நடத்துகிறவர்களை எப்படி நிறுத்துவது?

முதலில் பட்டியல். இணையத்தில் உங்கள் ஊர்ப் பெயரையும் "டென்ட் ஸ்டே" என்பதையும் போட்டுத் தேடுங்கள். ஊராட்சிக்குத் தெரியாத முகாமெல்லாம் விலையோடு வந்து நிற்கும். அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். பிறகு எழுத்தில் நோட்டீஸ், விளக்கம் தர அவகாசம், நேரில் ஆய்வு, அதன் பிறகு பி.டி.ஓ.வுக்கும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆர்.டி.ஓ.வுக்கும் (வருவாய்க் கோட்டாட்சியர்) அறிக்கை. வாட்ஸ்அப்பில் மிரட்டுவது நோட்டீஸ் ஆகாது.

ராத்திரி 11 மணிக்குக் கூட்டமாகப் போய் விருந்தாளிகளை வெளியே துரத்துவதை ஒருபோதும் செய்யாதீர்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் இருட்டில் மலைப்பாதையில் வண்டி ஓட்டி இறங்குவதற்கு நீங்கள் காரணமாகிவிடுவீர்கள்.

நடத்துகிறவர் தலைவருக்கே சொந்தக்காரர் என்றால்?

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், சின்ன ஊர். தலைவர் ஆய்வுக்குப் போக வேண்டாம். வேறு இரண்டு வார்டு உறுப்பினர்களும் செயலரும் போகட்டும். நிபந்தனைத் தாளை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எல்லா முகாமுக்கும் ஒரே தாள்.

பதிவேட்டில் என்ன எழுத வேண்டும்?

பெரிய சாஃப்ட்வேர் ஒன்றும் வேண்டாம். 200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று. வாரம் ஒரு பக்கம். முகாமின் பெயர், சனிக்கிழமை இரவு எத்தனை பேர், கழிப்பறை எத்தனை வேலை செய்தது, எத்தனை மூட்டைக் குப்பை இறங்கியது, கழிவு லாரி ரசீது எண், விலங்கு வந்ததா, புகார் வந்ததா. கடைசிக் கட்டத்தில் டேங்க் ஆபரேட்டரின் கையெழுத்து, பக்கத்தில் அன்றைக்குத் தொட்டியில் தண்ணீர் எத்தனை அடி இருந்தது என்பதும். நாங்கள் அந்த நோட்டைத் தொடங்கியபோது முதல் ஐந்து வாரம் அடி 6, 6, 5, 6, 5 என்று இருந்தது. ஏப்ரல் இரண்டாம் வாரம் 2 என்று எழுதி, அண்ணன் அடியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை எந்த முகாமுக்கும் தண்ணீர் திறக்கவில்லை.